பெண் எடுக்கும் சினிமா, பெண் கொடுக்காத சினிமா

அன்பிற்குரிய ரகுமான் சார், மணிரத்னம் சார், ரவி வர்மன் சார், சூர்யா சார், கமல் சார்,

வணக்கம்.

ஆஸ்கார் விருதுகளுக்கு வாக்களிக்க அகாதமி அழைத்த தமிழர்கள் என்பதால் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ரகுமான் சார் முன்பிருந்தே உள்ளே இருக்கிறார். 2022இல் சூர்யா சாருக்கும், 2023இல் மணி சாருக்கும், 2024இல் ரவி வர்மன் சாருக்கும், 2025இல் கமல் சாருக்கும் அழைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் நம் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் கொண்டாடின. அந்த வாக்கை வைத்து என்ன செய்யலாம் என்று மட்டும் யாரும் பேசவில்லை.

பேசுவதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. 98ஆவது விழாவிலிருந்து நடிகர் தேர்வுக்கென்றே ஒரு தனி விருதை அகாதமி கொண்டுவந்திருக்கிறது. ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் விருது உண்டு, காஸ்டிங்குக்குக் கிடையாதா என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தவர்களுக்கு இது வெற்றி. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நாற்காலியில் நடந்த ஒரு பழைய அநியாயம் கணக்குத் தீராமல் கிடக்கிறது. ஹாலிவுட் காதல் கதைகளில் எந்த நிறத்தவர் எந்த நிறத்தவரைத் தொடலாம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தவர்கள், எந்த வேடத்துக்கு யார் என்று பெயர் எழுதியவர்கள்தான்.

1937இல் எம்ஜிஎம் நிறுவனம் 'தி குட் எர்த்' படத்தை வெளியிட்டது. வாங் லுங் என்ற சீன விவசாயி, அவன் மனைவி ஓ-லான், பஞ்சம், வெட்டுக்கிளி, நிலம். கணவனும் சீனன், மனைவியும் சீனப் பெண். கலப்புக் காதல் என்ற பேச்சுக்கே இடமில்லாத கதை. அன்றைய ஹாலிவுட்டில் பெரிய பெயர் வாங்கியிருந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங். லாஸ் ஏஞ்சல்ஸில் 1905இல் பிறந்தவர், ஊமைப்படக் காலத்திலிருந்தே நடித்தவர். ஓ-லான் வேடம் அவருக்குத்தான் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் வாங் லுங்காக நடிக்க பால் முனியை எடுத்தார்கள். அவர் வெள்ளையர். கணவன் வெள்ளை நடிகர் என்றானபின் மனைவியாக ஒரு சீனப் பெண் எப்படி நடிப்பது? ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர் ஓ-லான் ஆனார். அன்னா மே வாங்கிடம் நீட்டப்பட்டது, அந்தக் குடும்பத்துக்குள் புகுந்து அதைக் கெடுக்கும் இரண்டாம் தாரத்தின் வேடம். படத்தில் இருக்கும் ஒரே கெட்ட வேடத்தையா சீன ரத்தம் உள்ள எனக்குத் தருகிறீர்கள் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த வேடமும் டில்லி லோஷ் என்ற ஆஸ்திரிய நடனக் கலைஞருக்குப் போனது.

1938இல் ரெய்னருக்குச் சிறந்த நடிகை விருதை நீங்கள் இப்போது உறுப்பினர்களாக இருக்கும் அதே அகாதமிதான் கொடுத்தது. ஒரு சீனப் பெண் பாத்திரம் விருது வாங்கிவிட்டது. சீன வம்சாவளிப் பெண் ஒருவர் அதே விருதை வாங்க, ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ 2023இல் மேடையேறும்வரை 85 ஆண்டுகள் ஆயின. அன்னா மே வாங் ஒரு முறைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை.

இதற்குப் பின்னால் எழுதப்பட்ட விதி ஒன்று இருந்தது. ஹேஸ் கோடு என்று எல்லோரும் சொல்லும், ஹாலிவுட்டின் தயாரிப்பு விதித்தொகுப்பு 1930இல் எழுதப்பட்டு, 1934 முதல் கறாராக அமலானது. வெள்ளை இனத்தவருக்கும் கறுப்பு இனத்தவருக்கும் இடையிலான உறவைக் காட்டத் தடை என்று அதில் ஒரு வரி. எழுத்தில் இருந்தவை அந்த இரண்டு இனங்கள் மட்டுமே. நடைமுறையில் சீனர், ஜப்பானியர், இந்தியர் எல்லோருமே அந்த வரிக்குள் அடக்கம். அந்தத் தடை எதன்மீது விழுந்தது என்று பாருங்கள். சாயம் பூசிய இரண்டு வெள்ளை நடிகர்கள் கலப்புக் காதலை நடிக்கலாம். ஒரே இனத்துக் கணவன் மனைவியை ஒரு வெள்ளையரும் ஒரு சீனரும் சேர்ந்து நடிப்பதுதான் சிக்கல். கதைக்குள் யார் யாரைக் காதலிக்கிறார் என்பதைப் பற்றி அவர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. படப்பிடிப்புத் தளத்தில், விளக்கு வெளிச்சத்தில், எந்தத் தோல் எந்தத் தோலைத் தொடுகிறது என்பதே அவர்கள் கவலை.

ஹாலிவுட் இருக்கும் மாநிலத்தின் சட்டமும் அப்படித்தான் இருந்தது. வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதைக் கலிபோர்னியா 1948 வரை தடை செய்திருந்தது. ரவி வர்மன் சார், உங்கள் துறையின் பெரியவர் ஜேம்ஸ் வாங் ஹோவ் உங்களுக்குத் தெரியாதவரல்ல. சீனாவில் பிறந்து, ஒளிப்பதிவுக்காக இரண்டு முறை ஆஸ்கார் வாங்கியவர். எழுத்தாளர் சனோரா பாப் என்ற வெள்ளைப் பெண்ணை அவர் 1937இல் பாரிஸில் மணந்தார். அந்த மணத்தை அவர் வேலை பார்த்த மாநிலம் பதினோரு ஆண்டுகள் ஏற்கவில்லை. அத்தனை காலமும் அவர் மற்றவர்களின் காதல் காட்சிகளுக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்திருந்தால் அதை வெறும் இனவெறி என்று ஒதுக்கிவிடலாம். அதற்குள் இன்னொரு பாகுபாடு இருந்தது. நம் ஊர்க் கல்யாணப் பேச்சில் சொல்வதுபோல், பெண் எடுப்பதற்கு ஒரு நியாயம், பெண் கொடுப்பதற்கு வேறொரு நியாயம். வெள்ளை நாயகன் வெளி இனத்தில் பெண் எடுக்கலாம், கொஞ்சம் முகச்சுளிப்போடு. வெள்ளைப் பெண்ணை வெளி இன ஆணுக்குக் கொடுக்க மட்டும் மனம் வராது.

இது என் ஊகம் என்று நினைத்தால் 1957இல் வந்த 'சயோனாரா'வை ஒரு முறை பாருங்கள். ஒரே படத்துக்குள் இரண்டு கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. அமெரிக்க விமானப்படை மேஜராக மார்லன் பிராண்டோ, அவர் காதலிக்கும் ஜப்பானிய மேடைக் கலைஞராக மீகோ டாகா. இவர் உண்மையிலேயே ஜப்பானிய அமெரிக்கப் பெண். இன்னொரு சிப்பாயாக ரெட் பட்டன்ஸ், அவர் மனைவி கட்சுமியாக மியோஷி உமெகி. இவரும் ஜப்பானியர்தான். ஆக வெள்ளை ஆண்கள் காதலிக்கும் பெண்களுக்கு அசல் ஜப்பானியப் பெண்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அதே படத்தில் பிராண்டோவுக்கு முன்பு நிச்சயிக்கப்பட்டிருந்த வெள்ளைப் பெண், ஒரு ஜப்பானியக் கபுகி நடிகர்மீது ஈர்ப்புக் கொள்கிறாள். அந்த ஜப்பானியர் யார் தெரியுமா? மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். கண்ணோரம் ஒப்பனை, பேச்சில் இழுவை. அந்த ஈர்ப்பும் சில பார்வைகளோடு சரி.

படம் ஜப்பானிலேயே எடுக்கப்பட்டது. ஜப்பானிய ஆண் நடிகர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பட்டன்ஸுக்கும் உமெகிக்கும் துணை நடிப்புக்கான விருதுகளை அகாதமி கொடுத்தது. நடிப்புக்காக ஆஸ்கார் வாங்கிய முதல் ஆசியப் பெண் உமெகி. கதையில் அந்தத் தம்பதி என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனைவியை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பு என்று ராணுவம் உத்தரவு போட, இருவரும் சேர்ந்து தற்கொலை செய்துகொள்கிறார்கள்.

இந்தியருக்கும் இதே கதிதான். 1939இல் 'தி ரெயின்ஸ் கேம்'. ராஞ்சிப்பூர் என்ற கற்பனைச் சமஸ்தானம், அங்கே மேஜர் சஃப்தி என்ற இந்திய மருத்துவர், அவரிடம் மனதைப் பறிகொடுக்கும் ஆங்கிலச் சீமாட்டி எட்வினா. வெள்ளைப் பெண்ணும் இந்திய ஆணும் என்றால் அது பெண் கொடுக்கும் திசை. எனவே டைரோன் பவர் முகத்தில் சாயம் பூசித் தலைப்பாகை கட்டிக்கொண்டார். அப்படியும் கடைசியில் எட்வினா நோயில் செத்துப்போகிறாள். 1955இல் 'தி ரெயின்ஸ் ஆஃப் ராஞ்சிப்பூர்' என்று ரீமேக் செய்தார்கள். இந்தியா சுதந்திரம் அடைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த முறை மருத்துவர் சஃப்தியாக வந்தவர் ரிச்சர்ட் பர்ட்டன், வேல்ஸ் நாட்டுக்காரர். நாயகி சாகவில்லை, ஊருக்குத் திரும்பிப் போகிறாள். அதை ஒரு முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். 1939 படத்துக்கு அகாதமி ஒரு விருது கொடுத்தது, அதுவும் சிறப்பு விளைவுகளுக்கு. அந்தப் பிரிவில் கொடுக்கப்பட்ட முதல் விருதே அதுதான். வெள்ளத்தையும் நிலநடுக்கத்தையும் தத்ரூபமாகக் காட்டியவர்களால் ஓர் இந்தியரை மட்டும் தத்ரூபமாகக் காட்ட முடியவில்லை.

கறுப்பினப் பெண்களின் கதை இன்னும் கசப்பானது. 'ஷோ போட்' இசை நாடகத்தில் ஜூலி என்ற பாத்திரம் உண்டு. வெள்ளையாகத் தெரியும் கலப்பினப் பெண், வெள்ளைக் கணவன். 1946இல் வந்த ஒரு படத்தில் இடம்பெற்ற 'ஷோ போட்' பகுதியில் ஜூலியாகப் பாடியவர் லீனா ஹார்ன், எம்ஜிஎம் ஒப்பந்தத்தில் இருந்த கறுப்பினப் பாடகி. 1951இல் எம்ஜிஎம் முழுப் படமாக எடுத்தபோது ஜூலி வேடம் ஏவா கார்ட்னருக்குப் போனது. ஹார்னுக்காக மாக்ஸ் ஃபேக்டர் தயாரித்த 'லைட் ஈஜிப்ஷியன்' என்ற ஒப்பனைப் பூச்சைப் பிறகு வெள்ளை நடிகைகளுக்குப் பூசிக் கலப்பினப் பெண்களாக நடிக்கவைத்தார்கள் என்று ஹார்னே சொல்லியிருக்கிறார். அவர் முகத்துக்குச் செய்த பூச்சு தளத்துக்குள் போனது, அவர் வெளியே நின்றார். படத்தில் கார்ட்னருக்குப் பாடிய குரல்கூட ஹார்னுடையது கிடையாது, இன்னொரு பாடகியுடையது. 1949இல் எலியா கசான் எடுத்த 'பிங்கி'யிலும் வெள்ளை மருத்துவரைக் காதலிக்கும் கறுப்பினப் பெண்ணாக நடித்தவர் ஜீன் கிரெயின் என்ற வெள்ளை நடிகை. அவருக்கும் அகாதமி பரிந்துரை உண்டு. 1961இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் போர்ட்டோ ரிக்கோ நாயகி மரியாவாக நடாலி வுட், அவருக்கும் இரவல் குரல். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரீட்டா மொரேனோவுக்கு நாயகியின் அண்ணன் காதலி வேடம்.

மெர்ல் ஓபரானையும் இங்கே சொல்லியாக வேண்டும். பம்பாயில் 1911இல் பிறந்தவர், தாய்வழி வேர் இலங்கையில். தான் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைப் பெண் என்று சொல்லிக்கொண்டே நட்சத்திரமானார். 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காக 1936இல் பரிந்துரையும் பெற்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் எந்த வெள்ளை நாயகனுக்கும் ஜோடியாகியிருக்க முடியாது. எனவே வாழ்நாள் முழுவதும் அவர் நடித்த பெரிய வேடம் அதுதான்.

1956 டிசம்பரில் ஹேஸ் விதித்தொகுப்பிலிருந்து அந்தத் தடை வரியை எடுத்துவிட்டார்கள். 1967 ஜூன் 12இல் லவ்விங் எதிர் வர்ஜீனியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மீதமிருந்த 16 மாநிலங்களின் கலப்பு மணத் தடைச் சட்டங்களையும் செல்லாதவை ஆக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சிட்னி பாய்ட்டியே நடித்த 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' வந்தது. வெள்ளைப் பெண்ணை மணக்க வரும் கறுப்பின இளைஞர் உலகப் புகழ்பெற்ற மருத்துவராக, குணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாதவராக இருக்க வேண்டியிருந்தது. அவர்களின் ஒரே முத்தம் டாக்சி ஓட்டுநரின் கண்ணாடிக்குள் தெரிகிறது. பெண்ணின் அம்மாவாக நடித்த காதரின் ஹெப்பர்னுக்கு விருது, திரைக்கதைக்கு விருது. பாய்ட்டியேவுக்குப் பரிந்துரைகூட இல்லை.

விதி போன பிறகு அந்த இடத்தில் வியாபாரம் வந்து உட்கார்ந்தது. இதை நீங்கள் எல்லோரும் உள்ளே இருந்து பார்த்திருப்பீர்கள், நான் விளக்க வேண்டியதில்லை. 2005இல் வந்த 'ஹிட்ச்' படத்துக்கு வில் ஸ்மித்தே சொன்ன விளக்கம் இருக்கிறது. கறுப்பின நாயகி என்றால் உலகச் சந்தையில் ஓடாது என்று பயம், வெள்ளை நாயகி என்றால் அமெரிக்காவில் பிரச்சினை, அதனால் இரண்டுக்கும் நடுவில் கியூப வம்சாவளி ஏவா மெண்டஸ். ஒரு காதல் நகைச்சுவைப் படத்தின் நாயகியை வண்ண அட்டை வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 2000இல் 'ரோமியோ மஸ்ட் டை'. ரோமியோவாக ஜெட் லி, ஜூலியட்டாக கறுப்பினப் பாடகி ஆலியா. எடுத்திருந்த முத்தத்தைச் சோதனைத் திரையிடலில் சிலர் முகம் சுளித்ததால் வெட்டிவிட்டு அணைப்போடு நிறுத்திவிட்டார்கள் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பெயரில் ரோமியோ, முத்தம் மட்டும் கிடையாது. 2015இல் 'அலோஹா' படத்தில் கால்வாசி சீனரும் கால்வாசி ஹவாய்த் தீவினருமான ஆலிசன் இங் என்ற பெண்ணாக எம்மா ஸ்டோன் வந்து பிராட்லி கூப்பரைக் காதலித்தார். இயக்குநர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். 1937இலிருந்து 2015 வரை எண்ணிப் பாருங்கள்.

ஆசிய ஆண்களுக்கு நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நமக்கும் பங்கு உண்டு. ஜப்பானிய நடிகர் செசு ஹயகாவா 1915இல் 'தி சீட்' படத்தில் வெள்ளைப் பெண்ணின் தோளில் சூடு போடும் வில்லனாக வந்தார், வெள்ளைப் பெண் ரசிகைகள் மொய்த்தார்கள். பிறகு சொந்தமாகவே படக் கம்பெனி தொடங்கினார். அப்படி ஒரு காதல் நட்சத்திரமாகத் தொடங்கியவர் ஆஸ்கார் பரிந்துரை பெற்றது 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்துக்கு, போர்க் கைதிகள் முகாமின் தளபதி சாய்டோவாக. இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றங்கரையில் எடுத்த படம் அது. ஹவாயில் பிறந்த ஜேம்ஸ் ஷிகேட்டா 1959இல் 'தி கிரிம்சன் கிமோனோ'வில் வெள்ளைப் பெண்ணின் காதலை உண்மையிலேயே வென்றார், அதுவும் ஒரு வெள்ளை நண்பனோடு போட்டி போட்டு. ஒரு ஜப்பானிய இளைஞன் கைகளுக்குள் அமெரிக்கப் பெண்ணா என்று வியந்து சுவரொட்டி அடித்து அதை விற்றார்கள், சர்க்கஸ் காட்டுவதுபோல. இன்றைய ரசிகர்கள் அவரை எங்கே பார்த்திருப்பார்கள்? 1988இல் வந்த 'டை ஹார்ட்' படத்தில், வானளாவிய கட்டடத்தில் சுட்டுக் கொல்லப்படும் நிறுவனத் தலைவராக.

நடிகன் என்றால் எந்த வேடமும் போடலாமே, கூடுவிட்டுக் கூடு பாய்வதுதானே கலை என்று கேட்பீர்கள். கமல் சார், இதை நீங்கள் கேட்டால் அதற்கு ஒரு எடை உண்டு. 2008இல் ஒரே படத்தில் வெள்ளையராகவும் ஜப்பானியராகவும் வந்து காட்டியவர் நீங்கள். அந்த உழைப்பைக் குறை சொல்லவில்லை, அந்த ஒப்பனைகளில் சில இன்று எப்படிப் பார்க்கப்படும் என்பது வேறு பேச்சு. என் பதில் இதுதான்: கூடு பாயும் வித்தை எல்லோருக்கும் திறந்திருந்தால் நானும் கை தட்டுவேன். பால் முனி சீனர் ஆனார், டைரோன் பவர் இந்தியர் ஆனார். அன்னா மே வாங் ஒரு முறையாவது ஓர் ஆங்கிலச் சீமாட்டியாக நடித்தாரா? லீனா ஹார்ன் ஒரு வெள்ளைக் குடும்பத் தலைவியாக? ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவைக் கலை என்று எனக்குச் சொல்லாதீர்கள்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். இல்லாவிட்டால் ஹாலிவுட்டைத் திட்டுவது ஒரு சுகமான பொழுதுபோக்காகப் போய்விடும்.

கோடம்பாக்கத்தின் சட்டமும் அதே பெண் எடுப்புச் சட்டம்தான், திசை மட்டும் நமக்கு ஏற்றபடி. நம் நாயகனுக்கு மும்பையிலிருந்து பெண் எடுக்கலாம், கொச்சியிலிருந்து எடுக்கலாம், லண்டனிலிருந்தும் எடுக்கலாம். 2010இல் 'மதராசபட்டினம்' வந்தது. வெள்ளைக்கார கவர்னரின் மகள், சலவைத் தொழிலாளி இளைஞன். ஆங்கிலப் பெண் வேடத்துக்கு எமி ஜாக்சன் என்ற ஆங்கிலப் பெண்ணையே எடுத்தார்கள், மிகச் சரி. (அந்தக் காதலர்களும் சேரவில்லை என்பது வேறு விஷயம்.) அதன் பிறகு அவரே தமிழ்ப் படங்களில் இந்தியப் பெண்ணாக வரத் தொடங்கினார். 2016இல் 'தெறி'யில் மலையாள ஆசிரியை. அவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, கொடுத்த வேலையைச் செய்தார். ஆனால் லைட் ஈஜிப்ஷியன் கதையை இங்கே நினைத்துப் பாருங்கள். டப்பிங் அறையில் தமிழ் பேசும் பெண் ஒருத்தி குரல் கொடுக்கிறாள், அவள் முகம் யாருக்கும் வேண்டாம். அவள் நிறத்தில் ஒரு நாயகி தேவைப்பட்டால் வெள்ளைத் தோல்மீது மேக்கப் போட்டு எடுத்த படங்களும் நம்மிடம் உண்டு.

பெண் கொடுக்கும் பக்கம்? ஒரு தமிழ் நாயகி ஒரு வெள்ளையரையோ ஆப்பிரிக்கரையோ சீனரையோ காதலித்து, அவனோடு சேர்ந்து, படம் சுபமாக முடிவதை விரல் விட்டு எண்ணிவிடலாம். நம் படங்களில் அமெரிக்க மாப்பிள்ளை என்றாலே அவர் தமிழரானாலும் கடைசி ரீலில் தோற்றாக வேண்டியவர்.

இந்தத் திசைக் கணக்கு நமக்குப் புதிதல்ல. மேல் வர்ணத்து ஆண் கீழ் வர்ணத்துப் பெண்ணை எடுத்தால் அனுலோமம், பொறுத்துக்கொள்ளலாம். கீழ் வர்ணத்து ஆண் மேல் வர்ணத்துப் பெண்ணை மணந்தால் பிரதிலோமம், அதிலும் சூத்திர ஆணுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறக்கும் பிள்ளையைச் சண்டாளன் என்று ஊருக்கு வெளியே வை என்று மனு எழுதிவைத்த அதே கணக்குதான் ஹேஸ் அலுவலகத்திலும் நடந்தது. சாதி மாறிக் காதலித்ததற்காகத் தண்டவாளத்தில் கிடத்தப்பட்ட பிள்ளைகளின் ஊர் நம்முடையது. ஹாலிவுட்டின் நுட்பமான பாகுபாட்டை அங்கிருக்கும் வெள்ளை உறுப்பினரைவிட உங்களால் சீக்கிரம் மோப்பம் பிடிக்க முடியும் என்று நான் நம்புவது இதனால்தான்.

மாற்றம் வரவே இல்லை என்று சொன்னால் பொய். 2022இல் 'பிரிட்ஜர்டன்' தொடரின் இரண்டாம் பருவத்தில் ஆங்கிலப் பிரபுக் குடும்பத்தின் காதல் நாயகியாக வந்தவர் சிமோன் ஆஷ்லி, தங்கையாக வந்தவர் சரித்ரா சந்திரன். இருவருமே தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகள். சிமோனின் நிறத்தில் ஒரு பெண் கோடம்பாக்கத்தில் பெரிய ஹீரோவுக்கு ஜோடி கேட்டுப் போனால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் அங்கேயும் வெள்ளை நாயகன் பெண் எடுக்கிற கதைதான் அது. அதே தொடரின் முதல் பருவத்தில் கறுப்பினப் பிரபு வெள்ளைப் பெண்ணை மணந்தார். ஒரு தமிழ் இளைஞன் அந்த இடத்தில் நிற்க இன்னும் எத்தனை பருவம் ஆகுமோ.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய விஷயங்கள் கிடையாது.

நடிகர் தேர்வு விருதுக்கு வாக்களிக்கும்போது, அந்தப் படத்தில் காதலிக்கப்படுகிறவர் யார், ஏன் அந்த நிறம், ஏன் அந்தத் திசை என்று பாருங்கள். பரிந்துரையான எல்லாப் படங்களையும் பார்த்தால்தான் இறுதி வாக்கு என்று 2025இல் விதி கொண்டுவந்திருக்கிறார்கள், எனவே பார்க்காமல் தப்ப வழியில்லை. சிறந்த படத்துக்கான போட்டியில் நுழைய 2024 விழாவிலிருந்து நான்கு உள்ளடக்க அளவுகோல்களில் இரண்டையாவது படம் நிறைவுசெய்ய வேண்டும். அதில் முக்கிய நடிகர் ஒருவர் ஒதுக்கப்பட்ட இனத்தவராக இருந்தால் ஒரு டிக் விழுந்துவிடும். அந்த நடிகர் படத்தில் யாரையும் காதலிக்காத நண்பராக, நீதிபதியாக, காவல் அதிகாரியாக இருந்தாலும் டிக் டிக்தான். தலைகளை எண்ணத் தெரிந்த அகாதமிக்கு ஜோடிகளையும் பார்க்கத் தெரிய வேண்டும் என்று உங்களில் ஒருவராவது எழுதிக் கேளுங்கள். விதியாக்கச் சொல்லவில்லை, எந்தக் காதலையும் சட்டம் போட்டு எழுதவைக்க முடியாது. படிவத்தில் ஒரு கேள்வியாக இருந்தால் போதும்: கதையில் இனம் குறிப்பிடப்பட்ட காதல் வேடத்தில் வேறு இனத்தவர் நடித்திருக்கிறாரா, ஏன்?

அடுத்தது அன்னா மே வாங். அமெரிக்க அரசே 2022இல் அவர் முகத்தை 25 சென்ட் நாணயத்தில் பொறித்துவிட்டது. ஆஸ்கார் வாங்கிய முதல் கறுப்பின நடிகை ஹாட்டி மக்டேனியலின் தொலைந்துபோன விருதுக்கு மாற்றாக ஒன்றை 2023இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அகாதமி கொடுத்தது. அதாவது பழைய கணக்கைத் திருத்த அவர்களுக்கு வழி தெரியும். ரெய்னரிடமிருந்து எதையும் பறிக்க வேண்டாம், அவர் நன்றாகவே நடித்தார். மறுக்கப்பட்ட வேடத்துக்காக அன்னா மே வாங்கின் பெயரில் அகாதமி ஒரு கடிதமாவது வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையில் ஒரு தமிழ்க் கையெழுத்தும் இருக்கட்டும்.

கடைசியாக, வாக்குச்சீட்டுக்கு வெளியே ஒன்று. ராஜ்கமல், மெட்ராஸ் டாக்கீஸ், 2டி என்று உங்களில் மூவருக்குச் சொந்தக் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே காஸ்டிங் மேசை உங்களுடையது. மதுரையிலோ மட்டக்களப்பிலோ பிறந்த ஒரு கறுத்த பெண்ணை, அவள் முகத்தோடும் அவள் குரலோடும் நாயகியாக்கி, வேறு கண்டத்து ஆண் ஒருவனைக் காதலிக்கவிடுங்கள். அவனுக்கு நோபல் பரிசெல்லாம் வேண்டாம், லாரி ஓட்டுகிறவனாகவே இருக்கட்டும். முத்தம் வைப்பதும் வெட்டுவதும் உங்கள் விருப்பம். இருவரையும் உயிரோடு விட்டுவிடுங்கள், அது போதும்.

அன்புடன்,
முதல் நாள் டிக்கெட்டுக்குச் சொந்தக் காசு கொடுக்கும் ஒருத்தி